படமில்லாமல் வந்த வசனம்

எங்கள் ஊரில் ஒட்டகம் கிடையாது. மாடு உண்டு, எருமை உண்டு, மழை வந்தால் பள்ளிவாசல் மதிலோரம் ஒதுங்கிப் புழுக்கை போட்டு வைக்கும் ஆடுகள் வேண்டுமளவு உண்டு. அந்தப் புத்தகத்துக்குப் படம் கீறியவன் ஒட்டகம் கீறியிருந்தான். ஒட்டகத்துக்குப் பக்கத்தில் எங்களைக் கீறியிருந்தான். இரண்டில் ஒட்டகத்தின் முகத்தில்தான் கொஞ்சம் மனிதக் களை இருந்தது.

வெள்ளம் வடிந்த கையோடு வந்த புத்தகம் அது. அந்த மாரியில் கல்முனைக்கு வடக்கே எல்லா ஊரும் மிதந்தது. குசினிக்குள் முழங்கால் தண்ணீர். அரிசிப் பீப்பா அறைக்கு அறை போய்வந்தது. பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த ஆட்கள் சேறு வழித்து, மெத்தை காயப்போட வெயிலைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நீல வான் வந்தது. வந்தவர்கள் பார்க்க நல்ல மாதிரியான ஆட்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்கே வந்தார்கள். எல்லை வீதிக்கு இங்கால் எங்கள் முஸ்லிம் வீடுகளுக்கும் அங்கால் பாண்டிருப்புத் தமிழ் வீடுகளுக்கும் ஒரே மாதிரி அரிசி, பருப்பு, பால்மா, பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை. எந்தச் சங்கம் என்று கேட்டதற்கு, "மனிசருக்கு மனிசர் தானே" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பைக்குள் கொப்பிகளுக்கு நடுவே இருந்தது புத்தகம். உள்ளங்கை அகலம், வழுவழுப்பான தாள், பக்கத்துக்கு இரண்டு படம், வாயிலிருந்து கிளம்பும் பலூனுக்குள் தமிழ் வசனம்.

கதை நாலு வரியில் சொல்லக்கூடியது. ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன் அந்த வான்காரர்களுடைய கிறிஸ்தவ வேதத்தைக் கேட்டு மனம் மாறுகிறான். தகப்பன் அவனைக் கொல்லத் தேடுகிறான். பையன் தப்பி ஓடி முழங்காலில் நின்று அழுகிறான். வானத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. வேதத்தைச் சொல்லட்டும், அது அவரவர் பாடு. ஆனால் அந்தத் தகப்பனைப் பார்க்க வேண்டும். கழுகு மூக்கு, மஞ்சள் பல், எங்கள் ஊரில் ஒருவனும் கட்டாத தலைப்பாகை, முதுகுக்குப் பின்னால் வளைந்த கத்தி. தாயைக் கறுப்புச் சாக்காகக் கீறி இரண்டு கண்களை மட்டும் குத்தி வைத்திருந்தான். அவளுக்குப் பின்னால் அதே சாக்கு இன்னும் மூன்று. நாலாம் பக்கத்தில் ஓர் இந்துப் பெண். அடுப்புக் கரியை அள்ளிப் பூசின நிறம், வெளியே தள்ளிய கண், தொங்கும் நாக்கு, கழுத்தில் பாம்பு, கையில் சிவப்பாக வழியும் கிண்ணம். அதை ஒரு குழந்தையிடம் நீட்டுகிறாள். கத்தோலிக்கரையும் விடவில்லை, சிலைக்கு முன்னால் விழுந்து கிடக்கும் கொழுத்த பாதிரி ஒருவர் ஆறாம் பக்கத்தில் இருந்தார். கத்தோலிக்கர் ஊரான சொறிக்கல்முனையின் பெரியவர் ஒருவர் கல்முனைச் சந்தையில் வைத்து, "இது எங்கட ஆக்கள்ற வேல இல்ல, சத்தியமா இல்ல" என்று காண்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. சேறு வழித்த கையோடு போய் அந்தப் பையை வாங்கி நன்றியும் சொல்லியிருந்தேன் நான்.

படம் இப்படி என்றால், ஊரை உலுக்கியது வசனம். இந்த மாதிரிப் புத்தகங்களில் வழக்கமாக வருவது யாருடைய வீட்டிலும் பேசாத ஒரு தமிழ். இது அப்படியில்லை. கத்தியை மறைத்துக்கொண்டு நின்ற தகப்பன், "வா மனே, சோறு ஆறுது. தின்னுப்போட்டு எங்கயெண்டாலும் போ" என்றான். அச்சொட்டாக எங்கள் ஊர்ப் பேச்சு. கடைசிப் படத்தில் பையன் வெளிச்சத்தைப் பார்த்துக் கைகூப்பி, "வாப்பா, நான் ஊட்ட வந்திட்டன். என்ன மன்னிச்சிருங்க" என்றான்.

படைத்தவனைப் பார்த்து வாப்பா என்கிறான். அல்லாஹ்வுக்குப் பெற்றாரும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று பால்குடி மறந்த நாளிலிருந்து ஓதி வளர்ந்த ஊருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் கலையவில்லை. பள்ளிவாசல் செயலாளர் மிஹ்லார் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். அவர் வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர். எதையும் அளந்து வெட்டிப் பேசுவார்.

"இத நம்மட ஆள் எழுதல்ல. நம்மட ஆளெண்டா அல்லாஹ்வ வாப்பா எண்டு எழுதக் கை வராது. ஆனா பேச்சு நம்மட பேச்சு. அப்ப ஆரு? நம்மட பேச்சு தெரிஞ்ச, நம்மட தீன் மார்க்கம் தெரியாத ஆள்."

"கல்முனைல பக்கீர்ர கொமினிகேசன் கடைல டைப் அடிக்காளே, பாண்டிருப்புப் புள்ள ஒண்டு" என்றான் ஒருவன்.

"அதத்தான் நானும் சொல்ல வந்த. நம்மட கலியாணக் கார்டு, மரண நோட்டீசு எல்லாம் அடிக்கிற அவள்தானே. நம்மட சொல்லெல்லாம் அவட விரல்ல இரிக்கி" என்றார் மிஹ்லார்.

அந்தப் பிள்ளையின் பெயர் கேதீஸ்வரி. அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே பக்கீர் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். கடைக்கு முன்னால் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன, பயந்துவிட்டான். மாலையில் யாரோ அவளுடைய படத்தை பேஸ்புக்கில் போட்டு, கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்கள். எழுதியவற்றைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. கேலிச் சித்திரத்துக்குக் கொதித்தவர்கள்தான் எழுதியிருந்தார்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்களை நாங்கள் மரைக்கார் என்போம். அந்தக் கூட்டத்தில் ஜவுபர் மரைக்காரும் இருந்தார், ஒன்றும் பேசவில்லை. அவருக்கு வேறு கவலை. வெள்ளம் அவருடைய வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு நாளும் விடியப் போய் மணலை மண்வெட்டியால் வழித்து ஓரத்தில் போட்டு, உடைந்த வரம்பைக் கட்டி, மிஞ்சின பயிராவது அழுகாமல் இருக்கட்டும் என்று வக்கடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, மத்தியானம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார். கூலிக்கு ஆள் பிடிக்கலாம். அவர் வரம்பை அவரே கட்டினால்தான் அவருக்கு நித்திரை வரும்.

அவருடைய ஒரே மகள் ஸுஹைறா. புருஷன் றுமைஸுக்குக் கட்டாரில் வேலை. அவள் வீட்டில் இருந்தபடி லெப்டொப்பில் இங்கிலீசிலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை செய்தாள். கொழும்பு அலுவலகம் ஒன்று, கந்தோர் என்போம், அவளுக்கு மருந்துப் பெட்டித் தாள், சோப்பு விளம்பரம், வங்கி அறிவித்தல் என்று அனுப்பும். வெள்ளத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தக் கந்தோரிலிருந்து ஒரு பெண் பேசினாள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குடும்பக் கதை. புத்தகத் தமிழ் வேண்டாம். உங்கள் ஊரில் உம்மாவும் வாப்பாவும் எப்படிப் பேசுவார்களோ அப்படியே வேண்டும் என்றாள். படம் எங்கே என்று ஸுஹைறா கேட்டாள். படம் இன்னும் கீறி முடியவில்லை, வசனத்தை மட்டும் பாருங்கள் என்றாள் அவள்.

ஸுஹைறாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கொப்பியில் வெட்டி எறியப்பட்ட பேச்சை, பட்டினத்துப் பிள்ளைகள் கேட்டுச் சிரித்த பேச்சை, முதன்முதலாக ஒரு ஆள் கேட்டு வாங்குகிறாள். தகப்பன் வசனத்துக்குத் தன் வாப்பாவின் பேச்சைக் கொடுத்தாள். கதையில் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தன் வீட்டுக்குக் கீரை கொண்டுவரும் பாண்டிருப்புக் கனகேஸ்வரியின் பேச்சைக் கொடுத்தாள். சோறு ஆறுகிறது, வா மகனே என்ற இங்கிலீசு வசனத்தில் கத்தி தெரியாது. கடைசி வசனம், தகப்பனே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றிருந்தது. இங்கிலீசில் கடவுளைத் தகப்பன் என்றால் பெரிய எழுத்துப் போடுவார்கள், ஆனால் வசனத்தின் முதல் எழுத்து எப்படியும் பெரிய எழுத்துத்தான். அது பெற்ற தகப்பனா மேலே உள்ள தகப்பனா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கோபித்துக்கொண்டு போன மகன் வாப்பாவிடம் திரும்பி வருகிறான் என்று நினைத்து, எழுதும்போது கொஞ்சம் அழவும் செய்தாள். வேதம் சொல்லும் பக்கங்கள் அவளிடம் வரவேயில்லை. அவற்றை வேறு யாரோ புத்தகத் தமிழில் எழுதியிருந்தார்கள். வீட்டுப் பேச்சுக்கு மட்டும் ஒரு வீட்டுக்காரி தேவைப்பட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பையில் அந்தப் புத்தகத்தைக் கண்ட நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. கந்தோருக்கு எடுத்துப் பார்த்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கேதீஸ்வரியின் தாய் கனகேஸ்வரி வந்தாள். தலையில் கீரைக் கடகம் இல்லாமல் அவள் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. ஜவுபர் கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"என்ன கனகேஸ்வரி, மழைக்குள்ள நிக்காய். உள்ளுக்கு வந்து இரி. நஸீறா, தேத்தண்ணி ஊத்துங்க."

"தேத்தண்ணி வேணாம் மரைக்கார். ஒரு கத சொல்லிப்போட்டுப் போக வந்த." அவள் படியில் உட்கார்ந்தாள். "என்ர புள்ள சோறு தின்னுதில்ல. மூலைக்குள்ள கிடக்கு. போன நிப்பாட்டி வெச்சிட்டு. அவள் அந்தப் புத்தகத்த அடிக்கல்ல மரைக்கார். பக்கீர் முதலாளியக் கேட்டுப் பாருங்க, அவருக்கே தெரியும்."

"எனக்கும் அவள் செய்திருப்பாள் எண்டு நம்பிக்க இல்ல. ஆனாப் பாரு, அதில இரிக்கிற நம்மட பேச்சு. ஆரோ ஒராள் இஞ்சால இரிந்து எழுதித்தானே இரிக்கி."

"அது எனக்கெப்பிடித் தெரியும்? எனக்கு எழுத்தே தெரியா. அந்தப் புத்தகத்த நான் கண்ணாலயும் காணல்ல. எங்கட வீட்டுக்கு வந்தத இவள் கிழிச்சி அடுப்பில போட்டிட்டாள். என்னதான் அதில இரிக்கு எண்டு கேட்டா வாயத் திறக்கிறாள் இல்ல." கனகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "றோட்டால போகவும் ஏலாம இரிக்கு. பொடியனுகள் என்னப் பாத்து நாக்க நீட்டிப்போட்டு ஓடுறானுகள். நான் ஆருக்கு என்ன செஞ்ச? நீங்க பள்ளியில ஒரு சொல்லுச் சொன்னாக் கேப்பாங்க மரைக்கார். அவள் இல்லையெண்டு ஒரு சொல்லு. வேற ஒண்டும் வேணாம்."

"சொல்றன். நீ யோசிக்காமப் போ."

குசினியில் ஸுஹைறா சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செதிலும் குடலும் கையில் ஒட்டியபடி எல்லாவற்றையும் கேட்டாள். கனகேஸ்வரி படலையைச் சாத்தின சத்தம் கேட்டது.

ஜவுபரின் மனைவி நஸீறா சோறும் புளியாணமும் பொரித்த சூடையும் வைத்தாள். ஜவுபர் முதல் கவளத்தை எடுத்தபோது ஸுஹைறா வந்து முன்னால் நின்றாள்.

"வாப்பா, அத எழுதின நான்."

கவளம் பீங்கானில் விழுந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கந்தோர், குடும்பக் கதை, வராத படம் எல்லாம். ஜவுபர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அலுமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். இடக்கையால் பக்கத்தைப் புரட்டினார்.

"இவன் கதைக்கிறதும் நீ எழுதினதா?"

"ஓம்."

"இது நான் கதைக்கிறதெல்லா?"

"ஓம் வாப்பா. ஒங்கள நெனச்சித்தான் எழுதின."

வயலிலிருந்து வந்து, பசியோடு யார் வாசலில் நின்றாலும் அவர் சொல்லும் வார்த்தை அது. கொல்லக் கூப்பிடுகிறவனின் வாயில் அதை வைத்து அச்சடித்திருந்தார்கள். ஜவுபர் அந்தக் கழுகு மூக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தான் செய்வது தெரியாமலே, தன் மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்தார். ஸுஹைறாவால் அதைத் தாங்க முடியவில்லை; தேம்பித் தேம்பி அழுதாள்.

"மெதுவா அழு" என்றாள் நஸீறா. "அயலட்டைக்குக் கேக்கப் போகுது. ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இரிங்க. அல்லாஹ்வ வாப்பா எண்டு எழுதினவள் இவள் எண்டு தெரிஞ்சா என்ன சொல்லுவானுகள் தெரியுமா? ஈமான் போச்சு, மார்க்கத்த விட்டே போயிட்டாள் எண்டுவானுகள். ஈமான் போனா கட்டின நிக்காஹும் போச்சு எண்டுவானுகள். றுமைஸ்ர உம்மா அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்துக்கிட்டிரிக்கா."

"அப்ப கேதீஸ்வரி?"

"அவள் தமிழ்ப் புள்ள. நம்மட சட்டம் அவளுக்கு இல்ல. அவளுக்கு இன்னொரு கடை கிடைக்கும். ஒனக்கு இன்னொரு மாப்புள கிடைப்பானா?"

நஸீறா கெட்டவள் அல்ல. வெள்ளத்தன்று கனகேஸ்வரிக்கு முதலில் சோறு கட்டி அனுப்பியவள் அவள்தான். ஆனாலும் அந்த வசனம் அவளுடைய சொந்த வாயிலிருந்து வந்தது. அதை எந்தக் கந்தோரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஜவுபர் கையைக் கழுவினார். சட்டையை மாற்றி, தொப்பியை எடுத்துக்கொண்டு புத்தகத்தோடு பள்ளிவாசலுக்குப் போனார்.

அஸர் தொழுகை முடிந்து நிருவாகத்தார் வராந்தாவில் கூடியிருந்தார்கள். கூட ஊர் ஆட்களும் கொஞ்சம் பேர். பொலிசுக்குப் போவதா, பாண்டிருப்புக் கோயிலாட்களைக் கூப்பிட்டுக் கதைப்பதா என்று வாக்குவாதம். ஜவுபர் பேச வாயெடுக்கும் முன் புத்தகம் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. தகப்பன் படத்தில் எல்லோரும் "நஊது பில்லாஹ், அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்றார்கள். நாலாம் பக்கம் வந்தது.

"இன்னா பாருங்க" என்றான் ஒருவன். "நம்மட கீர விக்கிறவளப் போலயே கீறி இரிக்கான்!"

சிரிப்பு வந்தது. சும்மா புன்சிரிப்பல்ல, வயிறு குலுங்கின சிரிப்பு. ஒருவர் மற்றவர் தோளைத் தட்டிக் காட்டினார். தாடி நரைத்த ஆட்கள். சற்று முன்னால் ஒரு பக்கத்துக்குப் பதறியவர்கள் அடுத்த பக்கத்துக்குச் சிரித்தார்கள். தெருவில் நாக்கை நீட்டுகிற பொடியன்கள் எங்கிருந்து படித்தார்கள் என்று தேடத் தேவையில்லை.

"என்னத்துக்குச் சிரிக்கீங்க?" என்றார் ஜவுபர்.

"சும்மா மரைக்கார், படத்துக்கு."

"அவளக் கீறின கைதானே நம்மளயும் கீறினது. அப்ப முந்தின பக்கத்துக்கும் சிரிங்க."

வராந்தா அடங்கியது. அப்போதே அவர் சொல்லிவிட்டார். "அந்தப் புள்ள இத எழுதல்ல. எழுதின என்ர மகள்." படம் காட்டாமல் வசனத்தை மட்டும் அனுப்பி ஏமாற்றிய கதையை முழுதாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, வரப்போகும் ஏச்சுக்குக் காத்து நின்றார்.

ஏச்சு வரவில்லை. மிஹ்லார் கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்தார். குரல் மாறியிருந்தது.

"மெதுவாக் கதைங்க மரைக்கார். படத்தக் காட்டல்ல எண்டா அது தெரியாமச் செய்த பிழதானே. அப்பிடி ஒரு எண்ணம், நிய்யத்து இல்லயே. நிய்யத்துத்தானே முக்கியம்."

"அதானே" என்றார்கள் நாலு பேர். "பச்சப் புள்ளயப் பேய்க்காட்டி ஏமாத்தி இரிக்கானுகள்."

"ஊட்டுக்குள்ள வெச்சுக் கலிமாவச் சொல்லித் தவ்பாச் செய்து மன்னிப்புக் கேக்கட்டும். முடிஞ்சிது. வெளிய போக வேணாம். ஒங்கட மானமும் நம்மட மானமும் ஒண்டுதான்" என்றார் மிஹ்லார்.

"அப்ப அந்தத் தமிழ்ப் புள்ள?"

மிஹ்லார் தாடியைத் தடவினார். "அவள நாம என்ன செய்த? கைய வெச்சமா? கததானே. கத ஆறிடும். இப்ப போய் அவள் இல்லயெண்டு சொன்னா, அப்ப ஆரு எண்டு கேப்பான். ஆரச் சொல்லுவீங்க? மகளயா?"

நேற்று தீனைக் காக்க நெஞ்சை நிமிர்த்திய அத்தனை பேரும் இப்போது எவ்வளவு இரக்கமாகப் பார்த்தார்கள்! மன்னிப்பு, பலர் சுற்றியிருந்து உண்ணும் ஒரு பெரிய சகன் தட்டில் வைத்த சோறுபோல் நடுவில் இருந்தது. அது எங்களுக்கு மட்டும் சமைத்தது. ஜவுபர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

புத்தகத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தவர் நஸீறாவிடம், "ஒண்டுமில்ல, முடிஞ்சிது" என்றார். மகளிடம், "கலிமாவச் சொல்லு புள்ள" என்றார். அவள் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"கேதீஸ்வரிட கதைய எடுத்துச் சொன்னீங்களா வாப்பா?"

"பக்கீர்ட்டப் பொறவு சொல்றன். அவள வேலைக்கு எடுப்பான்."

"ஊருக்குச் சொல்லல்லயா?"

"ஊருக்கு ஒன்ர பேரயா நான் சொல்ற?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஸுஹைறாவுக்கு அருவருப்பாக இருந்தது. புத்தகத்தைக் கண்ட அன்று வந்த அதே அருவருப்பு. ஆனால் இப்போது அது வீட்டுக்குள் இருந்தது.

"வாப்பா, அந்தப் படத்தில ஒரு ஆள் நல்லாக் கதைச்சிக்கிட்டுக் கத்திய முதுகுக்குப் பின்னால ஒளிச்சி வெச்சிரிக்கான். அது நீங்க இல்ல. அது பச்சப் பொய். அத மெய்யாக்கிப் போடாதீங்க."

ஜவுபரின் கை நின்றது. நஸீறா, "என்ன கத கதைக்காய்!" என்று சீறிக்கொண்டு எழுந்தாள். அவர் கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் ஸுஹைறா அபாயாவைப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது அவர் படலையடியில் நின்றார்.

"போறெண்டாப் போ புள்ள. நான் மறிக்கல்ல. கூட வர எனக்கு முகமில்ல."

எல்லை வீதியில் வெள்ளம் அரித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. கனகேஸ்வரியின் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளக் கறை. கீரைப் பாத்திகள் இருந்த இடத்தில் சேறு மட்டும். அவள் குனிந்து புதுப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். ஸுஹைறாவைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "அடியே, ஆரு வந்திரிக்கா பாரு! வா கிளி, வா, இரி. கையக் கழுவிப்போட்டுத் தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று கிணற்றடிப் பக்கம் ஓடினாள்.

வாசல் திண்ணையில் கேதீஸ்வரி இருந்தாள். எழும்பவில்லை. ஸுஹைறா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத எழுதின நான்தான் கேதீஸ்வரி."

"தெரியும் ராத்தா."

"ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. முஸ்லிம் பேச்சு எழுத எத்தினையோ பேர் இரிக்காங்க. ஆனா நாலாம் பக்கத்தில கதைக்கிறது எங்கட அம்மா. அம்மா கீர குடுக்கிற வீடுகள்ல இங்கிலீசு படிச்ச ஆள் நீங்க ஒராள்தான்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா? மரைக்கார்ர மகள்ல பழியப் போடுறாள் எண்டு அதுக்கும் சேத்து வாங்கிறதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதோட, அம்மாக்குத் தெரிஞ்சி போகும். அதுக்குத்தான் கிழிச்சி அடுப்பில போட்ட."

"நான் இப்ப நேர பக்கீர்ர கடைக்குத்தான் போறன். கடை வாசல்ல நிண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்றன். பேஸ்புக்கிலயும் என்ர பேரப் போட்டு எழுதுறன்."

"எழுதுங்க. சொல்லுங்க. என்ர பேர் போகும், ஒங்கட பேர் வரும். பொடியனுகள் அம்மாவப் பாத்து நாக்க நீட்டுறானுகளே, அத எந்தக் கடை வாசல்ல போய்ச் சொல்லுவீங்க?"



கனகேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். "மரைக்கார் கதைச்சாரா கிளி?"

"அக்கா, அந்தப் புத்தகத்தில இரிக்கிற பேச்ச எழுதின நான். தெரியாம எழுதிட்டன். பழி ஒங்கட புள்ளக்கு வந்திட்டு."

கனகேஸ்வரிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மகளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பிறகு, நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள்.

"நீங்களா? நீங்க எழுதினா அதில கெட்டது ஒண்டும் இரிக்காதே! அப்ப என்னத்துக்கு இவ்வளவு கூத்தும்? எங்க, கொண்டு வந்திரிக்கீங்களா? வாசிங்க பாப்பம்."

"வேணாம்மா" என்றாள் கேதீஸ்வரி.

"நீ சும்மா இரி. நீயும் சொல்றாய் இல்ல, நானும் குருடி. வாசிங்க கிளி."

ஸுஹைறா கேதீஸ்வரியைப் பார்த்தாள். கேதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாசிங்க. நீங்க எழுதினதத்தானே."

ஸுஹைறா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். நாலாம் பக்கத்தைத் திறந்து, படம் தன் பக்கம் இருக்கும்படி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து வாசித்தாள்.

"இந்தா கிளி, என்ர கையால வாங்கித் தின்னு. நான் தராம ஒனக்கு ஆரு தாற?"

கனகேஸ்வரி ஒரு கணம் திகைத்தாள். பிறகு வெற்றிலைக் காவியேறிய பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "ஐயோ, இது நான்தானே! அப்பிடியே நான் கதைக்கிறது! எடியே கேட்டியா, உன்ர அம்மா புத்தகத்தில வந்திட்டன்!"

கேதீஸ்வரி எழும்பி உள்ளே போனாள்.

கனகேஸ்வரி கையில் மிச்சமிருந்த சேற்றைச் சேலையில் நன்றாகத் துடைத்தாள். துடைத்த கையை நீட்டினாள்.

"எங்க கிளி, என்னக் காட்டுங்க."

ஸுஹைறா புத்தகத்தைத் திருப்பினாள்.